தாழ்தர உருமாற்றம்

பழைய எரிமலைப் பாறைகளைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தொடக்கத்தில் ஒரு வாக்கியம் அடிக்கடி தென்படுகிறது. இங்கு பேசப்படும் பாறைகள் அனைத்தும் உருமாற்றம் அடைந்தவை, ஆயினும் வசதி கருதி 'மெட்டா' என்கிற முன்னொட்டு இனி விடப்படுகிறது என்பது அதன் சாரம். மெட்டாபசால்ட் என்று எழுத வேண்டிய இடத்தில் பசால்ட் என்றே எழுதப்போகிறோம், வாசகர் சேர்த்துப் படித்துக்கொள்ளட்டும். முதல் தடவை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இருநூற்றைம்பது கோடி வருஷங்களை ஒரே வரியில் தாண்டிவிடும் சௌகரியம் இலக்கியவாதிக்குக்கூடக் கிடையாது என்று நினைத்தேன். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை. அவர்கள் சொல்லிவிட்டு விடுகிறார்கள். நான் சொல்லாமலே நாற்பது வருஷங்களுக்கு மேலாக விட்டுவந்திருக்கிறேன்.

விஷயம் என்னுடைய ஒரு கவிதையைப் பற்றியது. அதற்கு முன் பாறையைச் சொல்லிவிட வேண்டும்.

கர்நாடகத்தில் சித்ரதுர்கா நகருக்குத் தென்கிழக்கே மரடிஹள்ளி என்று ஒரு கிராமம். கல்லூரியில் மண்ணியல் கற்பித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் என்னை அங்கே அழைத்துப் போனார். அங்குள்ள பாறைத் திட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. நினைவுச் சின்னம் என்றதும் மனத்தில் எழுகிற பிம்பம் எதற்கும் அங்கே இடமில்லை. வானம் பார்த்த நிலம், முள், கல். கிட்டே போனால்தான் தெரிகிறது, கல் முழுக்கத் தலையணைகள். கல்யாண வீட்டுக்கென்று சேர்த்துவைத்த தலையணைகளை யாரோ ஒரே அறையில் போட்டு அழுத்தி அடைத்துவிட்டுப் போனதுபோல ஒன்றின்மேல் ஒன்று, ஒன்றின் இடுக்கில் ஒன்று.

எரிமலைக் குழம்பு நீருக்கடியில் வெளிப்படும்போது இப்படி ஆகிறது. 1,100 டிகிரிக்கு மேலான சூட்டில் பிதுங்கி வரும் குழம்பின் மேற்பரப்பு நீர் பட்ட கணத்தில் தோலாக இறுகிவிடுகிறது. உள்ளே இன்னும் குழம்பு. தோல் ஓரிடத்தில் வெடிக்கிறது, அடுத்த உருண்டை பிதுங்குகிறது, அதற்கும் தோல். 1970களின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவின் கரையோரக் கடலடியில் முக்குளிப்போர் இதை நேரில் பார்த்துப் படமெடுத்திருக்கிறார்கள். ஆகவே மரடிஹள்ளியில் தலையணை கிடக்கிறது என்றால் மரடிஹள்ளியில் நீர் இருந்தது. இன்று குடிக்கத் தண்ணீர் எடுத்துப்போக வேண்டியிருக்கிற இடத்தில், 250 கோடி வருஷங்களுக்குக் குறையாத ஒரு காலத்தில், தலைக்கு மேல் நீர்.

நண்பர் ஒரு படி மேலே போனார். ஒவ்வொரு தலையணையும் மேற்புறம் உப்பியிருக்கிறது. கீழ்ப்புறம், தனக்கு அடியில் கிடக்கிற இரண்டு தலையணைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இறங்கி, வால்போல் கூராகிறது. படுக்கையைப் பிற்பாடு பூமி எத்தனை முறை புரட்டிப்போட்டிருந்தாலும், எந்தப் பக்கம் அன்று வானத்தைப் பார்த்தது என்பதை இந்த வாலைக் கொண்டு சொல்லிவிடலாம் என்றார்.

பிறகு உடைந்த சில்லு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பச்சையாக இருந்தது. பசால்ட் கறுப்பாக அல்லவா இருக்கும் என்று கேட்டேன்.

"பசால்ட்டுன்னு பழக்கத்துல சொல்றோம். பசால்ட்டோட சரக்கு இதுக்குள்ள ஒண்ணும் மிச்சமில்லை சார்" என்றார்.

பசால்ட்டின் சரக்கு என்பது கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ், பைராக்ஸீன், சில சமயம் ஆலிவின், படிகமாகத் திரள அவகாசம் கிடைக்காமல் உறைந்துபோன கண்ணாடி. எல்லாம் உயர்ந்த சூட்டில் பிறந்தவை, நீரற்றவை. மேலே மேலே படிவுகள் விழுந்து, இந்தத் தலையணைகள் பூமிக்குள் பல கிலோமீட்டர் புதைந்தன. அங்கே 300, 400 டிகிரி வெப்பத்தில், பிளவுகளில் ஊறிவந்த நீர் பட்டு, அந்தக் கனிமங்கள் நிலைகொள்ள முடியாமல் ஒவ்வொன்றாக விலகின. கண்ணாடி குளோரைட் ஆயிற்று. பைராக்ஸீன் ஆக்டினோலைட் ஆயிற்று. பிளாஜியோகிளேஸ் தன் கால்சியத்தைக் கைவிட்டு ஆல்பைட்டாகியது. கைவிடப்பட்ட கால்சியம் எபிடோட்டாகவும் கால்சைட்டாகவும் வேறிடங்களில் குடியேறியது. குளோரைட்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் நீர். குளோரைட், ஆக்டினோலைட், எபிடோட் மூன்றுமே பச்சை. அதனால்தான் இவ்வகைப் பாறைக்குப் பச்சைக்கல் என்று பெயர். குழம்பில் இருந்த வாயு வெளியேறி விட்டுச்சென்ற குமிழித் துளைகளில்கூடப் பின்னால் வந்த கனிமங்கள் பாதாம் பருப்புகள்போல் உட்கார்ந்திருக்கின்றன. காற்று இருந்த இடத்தின் வடிவத்தில் கல்.

சரக்கு முழுவதும் கைமாறிவிட்டது. தலையணை தலையணையாகவே இருக்கிறது. தோல் தோலாக, குமிழி குமிழியாக, வால் வாலாக.

இதற்குத் தமிழில் நாம் வைத்திருக்கிற பெயர் உருமாற்றம். சார்லஸ் லயல் 1833இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்லின் நேர்த் தமிழ். கிரேக்க மூலத்திலும் அது உருவைப் பற்றிய பேச்சுத்தான். ஆனால் மரடிஹள்ளியில் மாறாதது என்று ஒன்று இருந்தால் அது உருதான். தமிழில் உரு என்பதற்கு இன்னொரு நிழலும் உண்டு. பாடத்தை உருப்போடுகிறோம், மந்திரத்தை உருவேற்றுகிறோம். அர்த்தம் தெரியாமல் போனாலும், மறந்தே போனாலும், சொல் வரிசை கலையாமல் நிற்கும்படி செய்வதற்கு அப்படிப் பெயர். மரடிஹள்ளிப் பாறை அந்த அர்த்தத்தில் உருப்போட்டிருக்கிறது.

காஃப்காவின் கதை நூலாக வந்தது 1915இல். தமிழில் அதற்கும் உருமாற்றம் என்றே பெயர் வழங்குகிறது. அதே 1915இல்தான் ஃபின்லாந்தின் பென்டி எஸ்கோலா, ஒரு பாறையில் சேர்ந்து வாழும் கனிமங்களைக் கொண்டு அது பட்ட வெப்பத்தையும் அழுத்தத்தையும் வகைப்படுத்தலாம் என்று எழுதினார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. காஃப்காவின் பூச்சிக்குள் பழைய ஆள் அப்படியே இருக்கிறான், ரயிலைத் தவறவிட்டதற்குக் கவலைப்படுகிறான். மரடிஹள்ளியில் நேர் எதிர். ஆள் போய்விட்டான். படுத்திருந்த வடிவம் இருக்கிறது.

இந்த வகை மாற்றத்தைத் தாழ்தர உருமாற்றம் என்கிறார்கள். தரம் என்ற சொல் சிறுபத்திரிகைக்காரர்களான நம்மிடம் என்ன பாடு பட்டது என்பது தெரிந்த விஷயம். தரமான எழுத்து, தரக்குறைவான எழுத்து என்று எத்தனை பக்கங்கள் எழுதினோம். நானும் எழுதியவன். மண்ணியலில் தரம் வெறும் வெப்பமானி. மிகத் தாழ்ந்த படியில் ஜியோலைட்டுகள், அடுத்துப் பிரேனைட், பம்பெல்லியைட், அதற்கு மேல் மரடிஹள்ளியின் பச்சைக் கனிமங்கள், பின்னும் மேலே போனால் கறுத்த ஆம்ஃபிபோலைட், உச்சியில் கிரானுலைட். கீழ்ப்படிகளை முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. நியூசிலாந்தின் தென்கோடியில் புதைந்துகிடந்த எரிமலைச் சாம்பல் படிவுகளில், கண்ணாடித் துகள்களின் வடிவம் கெடாமலே ஜியோலைட்டுகள் குடியேறியிருப்பதையும், ஆழம் கூடக்கூட அவை வரிசையாக மாறிவருவதையும் டக்ளஸ் கூம்ஸ் 1954இல் விவரித்த பிறகுதான், இத்தனை மெல்லிய மாறுதலையும் உருமாற்றம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு அன்று உறைத்தது வேறு. குழம்பு பிறந்தது 1,100 டிகிரிக்கு மேல். அதை அணு அணுவாக வேறொன்றாக்கியது அதில் மூன்றில் ஒரு பங்கு வெப்பம். தீ அல்ல. மிதமான சூடு, கசிகிற நீர், ஏராளமான காலம். சூடு குறைவாக இருந்ததாலும், நசுக்கும் அழுத்தம் இந்தத் திட்டை அதிகம் தொடாததாலும் உரு தப்பித்தது.

மரடிஹள்ளியிலிருந்து பெங்களூர் வந்து, அங்கிருந்து கோலார் தங்கவயல் போனேன். அக்கா ராபர்ட்சன்பேட்டையில் இருக்கிறாள். நாங்கள் பிறந்து வளர்ந்தது தங்கவயலில். வட ஆற்காட்டிலிருந்து சுரங்கத்துக்கு வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். தங்கவயலில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். 2001 பிப்ரவரி 28இல் எல்லாம் மூடப்பட்டது. அப்பா அதற்கு வெகு முன்பே போய்விட்டார்.

தங்கவயலின் பாறையும் ஆதியில் எரிமலைக் குழம்புதான். ஆனால் அது பட்ட சூடு அதிகம். பச்சையைத் தாண்டி, ஹார்ன்பிளெண்ட் மிகுந்த கறுப்புப் பாறையாகியிருக்கிறது. சிற்சில இடங்களில் தலையணைகள் இன்னும் அடையாளம் தெரிகின்றன, அழுந்தி நீண்டு.

கவிதைக்கு வருகிறேன். 1979இல், சில இதழ்களோடு நின்றுபோன ஒரு பத்திரிகையில் வந்தது. தலைப்புக்குக் கீழே 'அப்பா சொன்னது' என்று ஒரு வரி. சுரங்கத்தின் அடியில் பாறைச் சுவர் காய்ச்சல்காரக் குழந்தையின் முதுகுபோல் இருக்கும் என்பது அதன் மையம். அந்தக் காலத்து நண்பர்களுக்குப் பிடித்திருந்தது. படிப்பறிவு இல்லாத ஒரு தொழிலாளியின் வாயில் தானாக விழுந்த படிமம் என்று ஒருவர் விமர்சனம் எழுதினார். அனுபவத்தின் தீவிரம் என்ற சொற்றொடரும் அதில் இருந்தது. நான் மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. கூட்டங்களில், முன்னுரைகளில், பிள்ளைகளிடம், என் அப்பா இப்படிச் சொல்வார் என்று அதே உவமையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது கவிதைகளைத் தொகுக்கிறார்கள். மெய்ப்பு என் பையில் இருந்தது. அக்காவிடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.

"அப்பா எப்படா இப்படிச் சொன்னாரு?" என்றாள்.

நான் சொன்னதாகச் சொன்னேன்.

"அவருக்கு அவ்வளவு பேச வருமா? அடியில எப்படிப்பா இருக்கும்னு கேட்டா, 'சுடும்'பாரு. அதுவும் நாம கேட்டாத்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்துபோய்ச் சுவரில் புறங்கையை வைத்தாள். "இப்படி வெப்பாரு. வெச்சிட்டு, 'சுடும்'பாரு."

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு வந்துவிட்டது. சொல் அல்ல, கை. விளக்கு வெளிச்சம், லயத்து வீட்டுச் சுண்ணாம்புச் சுவர், அதில் விரல்கள் மடங்காமல் பதிந்த புறங்கை. இத்தனை வருஷங்களில் ஒரு தடவைகூட நான் அதை நினைக்கவில்லை. உவமை அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதே விளங்கிற்று. புறங்கை வைத்துப் பார்ப்பது சுவரை அல்ல, காய்ச்சல்காரக் குழந்தையை. எங்களுக்கு உடம்பு சுட்டால் அம்மா அப்படித்தான் தொட்டுப் பார்ப்பாள். அப்பாவின் சைகை இருந்த துளையில், அந்தச் சைகையின் வடிவத்திலேயே, என் வாக்கியம் வளர்ந்திருக்கிறது. ஒரு கனிமம் கரைந்துபோக, இன்னொன்று வந்து முதலதன் படிக வடிவத்தை அப்படியே போர்த்திக்கொள்வதை மண்ணியலில் சூடோமார்ஃப் என்பார்கள். பொய்யுரு. பெயர் கொஞ்சம் கடுமையானது. உரு பொய்யில்லை. உள்ளே இருப்பதைப் பழையது என்று சொல்லிக்கொண்டால்தான் பொய்.

நான் குடியிருப்பது பல்லாவரத்துக்குப் பக்கம். தங்கவயலிலிருந்து சென்னைக்கு ரயிலில் வருகிறவனுக்குத் தான் ஆழத்தை நோக்கிப் போகிறோம் என்று தோன்றாது. ஆனால் பாறைகளின் கணக்கு அப்படித்தான். பழைய தார்வார் நிலப்பகுதி தெற்கே உயர்ந்து மேற்பகுதி அரிக்கப்பட்டுவிட்டதால், வடக்கிலிருந்து தெற்கே வரவர ஒரு காலத்தில் மேலும் ஆழத்தில் இருந்த பாறைகள் வெளிப்படுகின்றன. வடக்கே பச்சைக்கல். நடுவே கறுத்த ஆம்ஃபிபோலைட். இன்னும் தெற்கே வந்தால் சார்னோக்கைட். கப்பல்துர்காவின் கல் குவாரியில் சாம்பல் நிற நைஸ் பாறையிலேயே திட்டுத் திட்டாகச் சார்னோக்கைட் உருவாகிக்கொண்டிருந்த நிலை உறைந்து நிற்பதை சி.எஸ். பிச்சமுத்து 1960இல் எழுதியிருக்கிறார். பல்லாவரம், பரங்கிமலைக் கல் முழுச் சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பக்கத்துக் கல்லே என்று கண்டு தாமஸ் ஹாலண்ட் 1893இல் வைத்த பெயர்.

சார்னோக்கைட் 700, 800 டிகிரி கண்டது. நீர் முற்றும் வற்றியது. இறுகி, எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும். அழகான கல். ஆனால் அது முன்பு என்னவாக இருந்தது என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தலையணை, தோல், குமிழி எதுவும் கிடையாது. குழம்பிலிருந்து நேரே உறைந்ததா, வேறொன்று வெந்து இப்படி ஆயிற்றா என்று ஹாலண்ட் காலத்திலிருந்து வெகுகாலம் விவாதித்திருக்கிறார்கள்.

நாங்கள் கவிதையில் வேண்டியது இந்தச் சூட்டைத்தான். அனுபவம் வெந்து, பழைய அடையாளம் அத்தனையும் கரைந்து, வேறொன்றாக இறுக வேண்டும். அப்படி ஆகாதது பதிவு, தகவல், தரக்குறைவு. அந்த அளவுகோலை நான் இன்றும் முழுக்கக் கைவிடத் தயாராக இல்லை. நல்ல கவிதைகள் அப்படி உருவாகியிருக்கின்றன. ஆனால் அந்த வெப்பத்தில் வெந்த ஒன்றின் நெற்றியில் 'அப்பா சொன்னது' என்று எழுதக்கூடாது. சார்னோக்கைட்டுக்கு வால் கிடையாது, அன்று எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று அது சொல்லாது. அந்த வேலைக்குத் தாழ்ந்த சூடு வேண்டும். என் அக்காவைப்போல, எதையும் கவிதையாக்கும் உத்தேசமில்லாமல், வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ நினைத்துக்கொள்கிற சூடு.

அக்காவின் நினைவு மட்டும் மாறாத பசால்ட்டா என்று கேட்கலாம். இல்லை. அதற்கும் அத்தனை வருஷங்கள். 'சுடும்' என்பது அப்பாவின் சொல்லா, அவரது மௌனத்துக்கு அவள் கொடுத்த சொல்லா, எனக்குத் தெரியாது. இந்தச் சங்கடத்தை மண்ணியல்காரர்கள் எதிர்கொண்ட விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. பச்சைக்கல்லில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் நீரோடு இடம்பெயர்ந்துவிட்டவை, அவற்றின் சாட்சியம் செல்லாது. டைட்டானியம், ஸிர்கோனியம், இட்ரியம் போன்றவை அவ்வளவாக நகர்வதில்லை. 1973இல் பியர்ஸும் கானும் இவற்றின் அளவுகளைக் கொண்டே பசால்ட் எவ்வகைச் சூழலில் வெளிப்பட்டது என்று பிரித்தறியும் முறையை வகுத்தார்கள். கல் எல்லாவற்றையும் நினைவு வைத்திருக்கிறது என்று அவர்கள் பரவசப்படவில்லை. எல்லாம் போயிற்று என்று கைவிரிக்கவும் இல்லை. எது நகரும், எது நகராது என்று பார்த்தார்கள்.

சொற்கள் நகர்பவை. உவமைகள் இன்னும் வேகமாக நகர்பவை, நீரைக் கண்டால் போதும். என் நினைவும் அக்காவின் நினைவும் தனித்தனியே, வேறு வேறு சூட்டில் கிடந்திருக்கின்றன. இரண்டிலும் நகராமல் இருந்தது சுவரில் வைத்த புறங்கை. அப்பாவைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இப்போது அவ்வளவுதான். நாற்பது வருஷங்களாக நான் மேற்கோள் காட்டிவந்த வாக்கியத்தைவிட அது பெரியதாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மெய்ப்பை எடுத்தேன். கவிதையை நீக்கிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நீக்கவில்லை. அது மோசமான கவிதை அல்ல, அதன் உருவும் காற்றிலிருந்து வந்தது அல்ல. 'அப்பா சொன்னது' என்பதை மட்டும் அடித்தேன். அங்கே வேறு ஏதாவது எழுதலாமா, அப்பா கை வைத்துக் காட்டியது என்பதுபோல, என்று பேனாவை எடுத்தேன். அதுவும் உடனே கவிதையாகப் பார்த்தது. இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

மெய்ப்பு அச்சகத்துக்குப் போயாயிற்று. முன்னொட்டை இங்கே எழுதிவைக்கிறேன்.